நின்றால்தான் வெற்றி

"கடுகு, உருண்டைக் கூடையைக் கட்டிட்டியா?"

"கட்டியாச்சு அண்ணி. ஒண்ணுக்கு ரெண்டாவே கட்டி டப்பாவுல அடைச்சு வெச்சிருக்கேன். தொறந்து பாக்காதீங்க. காத்து பட்டா உருண்டை செத்துரும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

"ரெண்டு எதுக்குடி?"

"கையில ஒண்ணு, பையில ஒண்ணு. இருந்தா கெட்டாப் போச்சு?"

மருமகள் மேலே கேட்கவில்லை. நாத்தனாரின் விரல் நுனிகளில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. உலையைத் துடைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். இன்றைக்கு அவளுக்கு இருந்த படபடப்பில் யானையே குறுக்கே வந்து நின்றிருந்தாலும் சுவர் என்று எண்ணி ஒதுங்கிப் போயிருப்பாள்.

நாத்தனாருக்குக் கடுகு என்று பேர் வைத்தது அவள் உயரம். அதை நிலைக்க வைத்தது அவள் வாய். அண்ணிக்கு இரண்டு வருஷம் பின்னால் அதே ரசாயனம் படித்தவள். ஆய்வறையின் உலை அவள் பொறுப்பு. "இந்த ஆலையில பிழியறது எல்லாம் வேற எண்ணெய். கடுகு மட்டும் நம்மளைப் பிழியும்" என்பது அவள் அண்ணன் சொல்லும் ஒரே ஜோக். அதையும் அவள் இல்லாதபோதுதான் சொல்லுவான்.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் வெடித்த சண்டை மருமகளின் காதில் இன்னும் ஓயவில்லை.

"உன் மிட்டாய் கரையுதும்மா" என்று மாமனார்தான் ஆரம்பித்தார். வெள்ளை உருண்டைகளுக்கு அவர் வைத்த பேர் மிட்டாய். "கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சுதான் எண்ணெயைப் பயோடீசலா மாத்துது. கரையற சரக்கைத்தான் நான் முப்பது வருஷமா போட்டுக்கிட்டு இருக்கேன். அதுக்கு எதுக்கு மெனக்கெட்டு உருண்டை பிடிக்கணும்?"

அவர் போடுவது காஸ்டிக் சோடா. மெத்தனாலில் கரைத்து எண்ணெயில் ஊற்றினால் ஜோராக வேலை நடக்கும். ஆனால் கூடவே சோப்பும் உண்டாகும். அந்தச் சோப்பைப் போக்கத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீர் எல்லாம் ஆலையின் பின்பக்கக் குட்டையில் போய், பால் பொங்கின மாதிரி நுரைத்து நிற்கும். அக்கம்பக்கத்தார் மூக்கைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

மருமகளின் உருண்டை திடமான வினையூக்கி. சுண்ணாம்பையும் மக்னீசியாவையும் சேர்த்து உருட்டி உலையில் சுட்டது. எண்ணெயில் கிடக்கும், வேலையை முடிக்கும், தூக்கி எடுத்து அடுத்த தடவைக்குப் போட்டுக்கொள்ளலாம். சோப்பு இல்லை, கழுவல் இல்லை, குட்டை இல்லை. ஒரே ஒரு நிபந்தனை. அது கரையக் கூடாது. கரைந்தால் அது உருண்டையே இல்லை, வேஷம் போட்ட காஸ்டிக்.

"கரையல மாமா. பஸ் டிப்போ இன்ஜினியரம்மா வர்ற அன்னிக்கு எல்லார் முன்னாடியும் காட்டறேன். பாதி வேலை நடக்கும்போது உருண்டையை வெளிய தூக்கிடுவேன்..."

அவ்வளவுதான், மாமனார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். பாதிப் பேச்சில் எழுந்து போவது அவருடைய பிறவிக் குணம். கை கழுவும் குழாயைத் திருகிய சத்தத்தோடு சேர்த்து, அவர் முதுகைப் பார்த்துத்தான் மருமகள் மீதியைச் சொன்னாள்:

"தூக்கினதும் வேலை அப்படியே நிக்கணும். நின்னா நான் ஜெயிச்சேன். நிக்காம ஓடிக்கிட்டே இருந்தா, எண்ணெயில கரைஞ்சு போனதுதான் ஓட்டுதுன்னு அர்த்தம். நான் தோத்தேன்!"

அந்த மீதியைக் கேட்டவர்கள் கடுகும், கடுகின் அண்ணனும், சாப்பாட்டு மேசையும்தான்.

மறுநாள் காலையில் மாமனார் தம் பங்குக்குத் தீர்ப்பு சொன்னார். "ஜெயிச்சா ஆலையோட பெரிய தொட்டியே உனக்கு. தோத்தா, உன் ஆராய்ச்சி ரூம்ல பெயின்ட் டின் அடுக்கிடுவேன். அப்புறம் ஆராய்ச்சி அது இதுன்னு யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

அந்த நாள்தான் இன்று.

*

பேருந்துப் பணிமனையின் இன்ஜினியரம்மா சொன்ன நேரத்துக்கு வந்து நின்றாள். கையில் ஒரு பை, கண்ணில் தடித்த கண்ணாடி. ஆலையின் பயோடீசலில் பெரும்பகுதி அவளுடைய பேருந்துகளுக்குத்தான் போகிறது.

"நான் பேச்சு கேக்க வரல" என்றாள் வாசலிலேயே. "எங்க வண்டி இன்ஜெக்டர்ல சோப்பு அடைக்குது. அடைக்காத எண்ணெய் இருந்தா காட்டுங்க. இல்லன்னா டீ மட்டும் குடிச்சிட்டுக் கிளம்பறேன்."

"டீயும் உண்டு, எண்ணெயும் உண்டு" என்று மாமனார் முன்னால் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, வாரின தலை. எல்லோருக்கும் முன்னால் ஆலைக்கு வந்து, மெத்தனால் டிரம்மைக்கூடத் தானே உருட்டி வந்து ஆய்வறையில் நிறுத்தியிருந்தார். மாமியார் இல்லாத வீட்டில் மாமியார் வேலையையும் சேர்த்துப் பார்ப்பவர், திடீரென்று இவ்வளவு அனுசரணையாக நடந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"ஏம்மா, பயப்படாதே. எல்லாம் நல்லபடியா ஓடும்" என்று கிட்டே வந்து மெதுவாக வேறு சொன்னார்.

கணவன் ஸ்பேனரும் கையுமாக நின்றான். அப்பாவுக்கும் மனைவிக்கும் நடுவே மத்தளம் அவன். இரண்டு பக்கமும் இடி. அதனால் வாயைத் திறக்காமல் கையால் பேசுவான். இன்றைய கருவியும் அவன் கைவேலைதான். மூடி போட்ட கண்ணாடிக் கலன். மூடியில் ஒரு கம்பி. கம்பியின் நுனியில் உருண்டைகள் இருக்கும் வலைக்கூடை. கம்பியை மேலே இழுத்தால் கூடை எண்ணெயை விட்டு எழும்பும். அடியில் வால்வைத் திறந்தால், சூடு ஆறுவதற்குள் எண்ணெய் மெல்லிய வடிகட்டி வழியாக இரண்டாவது கலனுக்குப் போகும். தூசி துரும்பு கூடப் பின்னால் வராது.

"ஆரம்பிக்கலாங்களா?" என்றாள் மருமகள்.

எண்ணெய் சூடேறியது. மெத்தனால் இறங்கியது. கலக்கி சுழன்றது.

கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கடுகு சோதனைக்காகக் கலனிலிருந்து கொஞ்சம் எண்ணெய் எடுத்தாள். ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, அடியில் தங்கிய கிளிசரினை விட்டுவிட்டு, மேலாக எடுத்ததை ஒரு சோதனைக் குழாய் மெத்தனாலில் விட்டுக் குலுக்கினாள். பயோடீசல் மெத்தனாலில் கலந்துவிடும். மாறாத எண்ணெய் கலக்காது, அடியில் துளியாக உருண்டு நிற்கும். முதல் குழாயில் துளி திராட்சை போலக் கொழுத்துக் கிடந்தது. அடுத்ததில் இளைத்தது. அதற்கடுத்ததில் பாதியானது.

"பாதி!" என்றாள் கடுகு.

"தூக்குங்க!"

கணவன் கம்பியை இழுத்தான். கூடை எண்ணெயை விட்டு மேலே எழும்பியது. வால்வு திறந்தது. தெளிந்த திரவம் இரண்டாவது கலனுக்கு வடிந்தது. அங்கேயும் அதே சூடு, அதே சுழற்சி. உருண்டை மட்டும் இல்லை.

இனி துளி மாறக் கூடாது.

கடுகு நான்காவது குழாயைக் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பிடித்தவள் கண்ணைச் சுருக்கி இன்னொரு முறை பார்த்தாள்.

துளி சின்னதாகியிருந்தது.

ஐந்தாவதில் இன்னும் சின்னது. ஆறாவதில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மாமனார் கை தட்டினார். "சபாஷ்! பாத்தீங்களாம்மா? என்ன ஓட்டம் ஓடுது! எங்க வீட்டு மருமகள்னா சும்மாவா?"

அறையில் வேறு யாரும் தட்டவில்லை.

"ஏன் எல்லாரும் எழவு வீட்டுல இருக்கற மாதிரி நிக்கறீங்க? வேலை நடக்குதே!"

"அதுதாங்க ஐயா சங்கடம்" என்றாள் இன்ஜினியரம்மா. "நடக்கக் கூடாது. உருண்டையை எடுத்தப்புறம் நிக்கணும். நின்னாதான் உங்க மருமக ஜெயிப்பாங்க. அவங்கதான் எனக்கு ஃபோன்ல விளக்கமா சொன்னாங்க."

மாமனாரின் இரண்டு கைகளும் தட்டுவதற்கு விரித்தபடியே நின்றன.

"நிக்கணுமா?"

இன்ஜினியரம்மா பையின் ஜிப்பை இழுத்தாள். அந்தச் சத்தம் மருமகளுக்குத் தன் நெஞ்சுக்கு மேலேயே இழுத்த மாதிரி இருந்தது. எத்தனை உலைச் சூடு, எத்தனை உடைந்த உருண்டை. கடைசியில் பெயின்ட் டின்னுக்கு இடம் பார்த்துக் கொடுக்கத்தானா இவ்வளவும்?

"வர்றேம்மா. நல்ல முயற்சி" என்றாள் இன்ஜினியரம்மா.

நல்ல முயற்சி. தோற்றவர்களுக்கென்றே பாலிஷ் போட்டு வைத்திருக்கும் வார்த்தை.

தோற்றாலும் கை சும்மா இருக்குமா? மருமகள் மேசையை ஒதுக்க ஆரம்பித்தாள். இரண்டாவது கலனிலிருந்து எடுத்து மீந்திருந்த எண்ணெய்க் குழாயில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, கட்டை விரலால் வாயை அடைத்து, அலசுவதற்காகக் குலுக்கினாள்.

குழாயின் கழுத்து வரைக்கும் நுரை பொங்கியது.

மருமகள் அப்படியே நின்றாள். இன்னொரு முறை குலுக்கினாள். இன்னும் பொங்கியது.

"இன்ஜினியரம்மா, ஒரு நிமிஷம்!"

"என்னம்மா?"

"நுரைக்குது!"

"சோப்புன்னா நுரைக்கத்தானே செய்யும்?" என்றார் மாமனார். குரலில் ஏனோ பழைய கம்பீரம் இல்லை.

"சுண்ணாம்பு கரைஞ்சிருந்தா நுரைக்காது மாமா! சுண்ணாம்புத் தண்ணியில துணி துவைச்சுப் பாருங்க. எவ்வளவு சோப்பு போட்டாலும் திரிதிரியா பிசுக்குதான் மிதக்கும், நுரையே வராது. என் உருண்டை கரைஞ்சிருந்தா இங்க பிசுக்கு இருக்கணும். இது பொங்குது. நம்ம பின்பக்கக் குட்டை மாதிரியே பொங்குது." அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. "இது உருண்டையிலேருந்து வந்தது இல்ல. இது காஸ்டிக்! மெத்தனால் டிரம்முல காஸ்டிக் எப்படி வந்துச்சு?"

கடுகு கணவனைப் பார்த்தாள்... அதாவது, தன் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் டிரம்மைப் பார்த்தான். டிரம்மைப் பார்த்த எல்லோருக்கும் அதை உருட்டி வந்தவரின் நினைவு வந்தது.

மாமனார் தலைக்கு மேலே இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடாத மின்விசிறியை அவ்வளவு கவனமாக உலகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"மாமா?"

"ஒரு கரண்டிதான்."

"மாமா!"

"பெரிய கரண்டிகூட இல்லம்மா." அவர் இறங்கி வந்தார். "போன வாரம் உன் உருண்டை ஊர்ந்து ஊர்ந்து மெதுவா வேலை செஞ்சதை நான் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான் இருந்தேன். வெளியாள் முன்னாடி இதே மாதிரி ஊர்ந்தா என்ன ஆகறது? வீட்டுக்குள்ள ஆயிரம் சொல்லுவேன், அது நம்ம சமாச்சாரம். வெளியாள் முன்னாடி என் மருமக தலை குனியலாமா? அதான் லேசா ஒரு தள்ளு தள்ளி விட்டேன்."

"நிக்கணும்னு சொன்னேனே மாமா!"

"எப்ப சொன்னே?"

"சாப்பாட்டு மேசையில!"

"எனக்குக் கேக்கலையே?"

"பாதியில எழுந்து போயிட்டீங்க!" என்று மூன்று குரல்கள் ஒன்றாகக் கேட்டன. மூன்றாவது குரல் மத்தளத்துடையது. அது வாய் திறந்ததில் மாமனாரே திடுக்கிட்டுப் போனார்.

"மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு சொல்வாங்க" என்றாள் கடுகு. "இங்க மாமனார் உடைச்சிருக்கார். இது என்ன குடம்ப்பா?"

முதலில் சிரித்தது இன்ஜினியரம்மாதான். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எவ்வளவோ தில்லுமுல்லு பாத்திருக்கேன். எதிராளி ஜெயிக்கறதுக்காகத் தில்லுமுல்லு பண்ணின ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்." பையைத் திரும்ப மேசையில் வைத்தாள். "சாயங்காலம் வரைக்கும் எனக்கு வேலை இல்ல. மறுபடி ஓட்டுங்க. அந்த டீயையும் கொண்டாங்க."

*

மாமனார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீர் ஹோஸை எடுத்தார்.

"தண்ணி வேண்டாம் மாமா!" என்று அலறினாள் மருமகள். "தண்ணி பட்டா உருண்டை கெட்டுடும். புது டிரம்மைத் தொறந்து மெத்தனாலால அலசணும், அப்புறம் காய வைக்கணும்."

"சரி சரி. இந்த வயசுல கழுவறதுக்கும் டியூஷன் வெச்சுக்கணும் போல" என்று முணுமுணுத்தாரே தவிர, இரண்டு கலன்களையும் வால்வையும் வடிகட்டியையும் கையுறை மாட்டிக்கொண்டு அவரேதான் அலசினார். வேறு யாரையும் தொட விடவில்லை. சீல் உடைக்காத டிரம்மை மகன் உருட்டி வந்தான். அப்பா பக்கத்தில் வந்தபோது டிரம்மின் மூடி மேல் உட்கார்ந்துகொண்டான்.

காஸ்டிக் பட்ட பழைய கூடையை ஒதுக்கி வைத்தாயிற்று. கடுகு இரண்டாவது கூடையை டப்பாவிலிருந்து எடுத்து, கண் மூடித் திறப்பதற்குள் கம்பியில் மாட்டி மூடியை இறுக்கினாள்.

"நல்லவேளை, ரெண்டு கட்டினே" என்றாள் மருமகள்.

"உம்" என்றாள் கடுகு. அவ்வளவுதான் சொன்னாள்.

எண்ணெய் மறுபடி சூடேறியது. முதல் குழாய், கொழுத்த துளி. இரண்டாவது குழாயிலேயே துளி பாதிக்கு வந்துவிட்டது.

'இவ்வளவு சீக்கிரமா?' மருமகளுக்கு ஒரு கணம் பகீரென்றது. மாமனாரைப் பார்த்தாள். அவர் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார்.

"சத்தியமா நான் இல்லம்மா!"

"தூக்குங்க!"

கூடை எழும்பியது. எண்ணெய் வடிந்து அடுத்த கலனுக்குப் போனது. கலக்கி சுற்றியது. அறையில் அந்த ஒரு சத்தம்தான்.

மாமனார் கலனின் அருகே குனிந்து, ஓடிப்போகப் பார்க்கும் கன்றுக்குட்டியிடம் பேசுவதுபோல் பேச ஆரம்பித்தார். "நில்லு... நில்லு கண்ணு... நகராதே... அங்கேயே நில்லு..."

குழாய். துளி, அதே அளவு.

"அவசரப்படாதீங்க" என்றாள் மருமகள். தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த குழாய். அதே அளவு. அடுத்தது. கடுகு மூன்றையும் ஒரே வரிசையில் பிடித்தாள். ஊசிமுனை அளவுகூட வித்தியாசம் இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த மூன்று துளிகள்.

இன்ஜினியரம்மா இரண்டாவது டீயைக் குடித்து முடித்தாள். "இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பாருங்க" என்றாள். ஓட்டினார்கள். துளி நின்ற இடத்திலேயே நின்றது.

"நின்னுடுச்சு!" என்று கத்தினார் மாமனார். முப்பது வருஷமாக இந்த ஆலையில் எது நின்றாலும் அவர் திட்டித்தான் கேட்டிருக்கிறார்கள். ஒன்று நின்றதற்காக அவர் குதித்ததைச் சுவர்கள்கூட நம்பியிருக்காது. "நின்னுடுச்சுடா! நின்னே போச்சு!"

"முடியல மாமா, இன்னும் இருக்கு" என்றாள் மருமகள். "எண்ணெயைத் திரும்ப முதல் கலனுக்கு ஏத்துங்க. கூடையை இறக்குங்க."

கூடை மறுபடி எண்ணெய்க்குள் இறங்கியது. அடுத்த குழாயில் துளி இளைத்தது. அதற்கடுத்ததில் எள்ளளவு. அதற்கும் அடுத்ததில் ஒன்றுமே இல்லை. அடிவரைக்கும் கண்ணாடி மாதிரித் தெளிவு.

"நிக்கச் சொன்னா நிக்குது, ஓடச் சொன்னா ஓடுது" என்று மாமனார் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். "நான் பெத்தது ரெண்டும் ஒருநாள் இப்படிக் கேட்டிருக்குமா?"

மருமகள் கடைசியாக எடுத்ததில் தண்ணீர் விட்டுக் குலுக்கினாள். மேலே பயோடீசல், கீழே தண்ணீர். நடுவில் கோடு கிழித்த மாதிரி ஒரு பிரிவு. நுரை என்று சொல்ல ஒரு குமிழிகூட இல்லை.

இன்ஜினியரம்மா அந்தக் குழாயை வாங்கி வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தாள். "பெரிய தொட்டியில எப்பப் போடுவீங்க?"

"நாளைக்கே!" என்றார் மாமனார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்திருந்தாள். அவர் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லும்மா. நீ முழுசா சொல்லி முடிக்கற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

சொன்னாள். தொட்டிக்கு எத்தனை கூடை வேண்டும், எண்ணெயை எப்படி உலர்த்த வேண்டும், உருண்டைகளை எப்போது திரும்பச் சுட வேண்டும், எல்லாம். மனிதர் அசையவில்லை. டீ ஆறி ஆடை கட்டியது. அவள் முடித்த பிறகுதான் எழுந்தார். எழுந்தவர் நேராகப் பின்பக்கம் போய், கழுவல் தண்ணீர் குட்டைக்கு இறங்கும் வால்வை இரண்டு கையாலும் பிடித்து இறுக்கி மூடினார்.

"இன்னியோட குட்டைக்குப் பட்டினி" என்றார் அங்கிருந்தே. ஆலை முழுக்கக் கேட்டது.

*

இன்ஜினியரம்மாவை வழியனுப்ப எல்லோரும் வாசலுக்குப் போயிருந்தார்கள். மாமனார் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்வது கேட்டது. அதற்குள் கரண்டி சுருங்கிச் சிட்டிகையாகியிருந்தது. கடுகின் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

மருமகள் மட்டும் ஆய்வறையில் இருந்தாள். இந்த அறையில் இனி யாரும் பெயின்ட் டின் அடுக்கப் போவதில்லை. நாலு சுவரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். கண் கரித்தது. மெத்தனால் நெடியாகவும் இருக்கலாம்.

ஜெயித்துக் கொடுத்த உருண்டைகளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. கம்பியிலிருந்து கூடையைக் கழற்றி, முடிச்சை அவிழ்த்து, தட்டில் கவிழ்த்தாள்.

அவளுடைய உருண்டைகள் வெள்ளை. தட்டில் உருண்டவை சாம்பல் நிறம்.

ஒன்றிரண்டு இல்லை, அத்தனையும் சாம்பல். ஒன்றை எடுத்து நகத்தால் கீறினாள். அவளுடையது என்றால் விரலில் வெள்ளைத் தூள் ஒட்டும்; எத்தனையோ நாள் அந்தத் தூளோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். இதில் கீறலே விழவில்லை. இரண்டாவது குழாயிலேயே பாதிக்கு வந்த துளி நினைவுக்கு வந்தது. காலையில் பார்த்த விரல் நுனிகள் நினைவுக்கு வந்தன.

இந்த வீட்டில் யாருமே சொல்லிவிட்டு உதவி செய்ய மாட்டார்களா?

உருண்டையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"கடுகு!"

வெளியே சிரிப்பு சட்டென்று நின்றது.

"இங்க கொஞ்சம் வாயேன். இதுல என்ன சேத்தே?"